எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் கதை

மேசைக் கணிப்பொறியின் பின்பக்கம், மின்விசிறி சுழலும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி திருகாணிகளால் மாட்டப்பட்டிருக்கும். சுவரில் உள்ள பிளக்கிலிருந்து வரும் ஒயர் அதில்தான் போய்ச் செருகும். கடைக்காரர்கள் அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். ஸ்விட்ச்டு மோடு பவர் சப்ளை என்பதன் சுருக்கம் அது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, அந்த மொழியில் இதற்கு வைத்திருக்கும் பெயர்தான் பிடிக்கும். அலிமாந்தாசியோன் என்பார்கள். உணவூட்டுதல் என்று பொருள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் கணிப்பொறி தாங்காது. அதைச் சமைத்து 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பரிமாறுகிற சமையற்கட்டு இந்தப் பெட்டி.

அன்னவாசல் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், போட்டோ ஸ்டூடியோ என்று எங்கு பார்த்தாலும் இந்தப் பெட்டி உண்டு. கெட்டுப்போனால் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ ஆள் அனுப்பி ஐந்நூறு, அறுநூறு ரூபாயில் புதிதாக வாங்கி மாட்டிவிட்டு, பழையதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். பத்து ரூபாய் கண்டென்சர் ஒன்றை மாற்றினாலே அவற்றில் பல மறுபடி ஓடும். பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக இப்படிப்பட்ட பெட்டிகளைத் திறந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கணிப்பொறி புதியது என்றாலும், அதன் எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போகிற விதம் நாம் சிறுவயதில் பார்த்த வால்வு ரேடியோ கெட்டுப்போன அதே விதம். அன்றைய ரேடியோ மெக்கானிக்குகளின் வித்தை இன்றைக்கும் அப்படியே செல்லும். அதைக் கேட்டு வைத்துக்கொள்ள ஆள் குறைந்துவிட்டதுதான் கவலை.

ரேடியோக் காலம்

அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் ரேடியோ லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று பெரிய மரப்பெட்டி ரேடியோக்கள். அவற்றைத் தூக்கினால் கை வலிக்கும். பாரத்துக்குப் பெரும் காரணம் உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர். இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன்மேல் செம்புக் கம்பி சுற்றியது. அது வீட்டு மின்சாரத்தை வால்வுகளுக்குத் தேவையான 250, 300 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்கும். பிறகு அது டி.சி.யாக மாற்றப்பட்டு, ஓர் உருளையான கண்டென்சரில் சமன் செய்யப்படும்.

அந்தக் கண்டென்சருக்குள் அலுமினியத் தாளும், திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வருடங்கள் ஓடியதும் அந்தத் திரவம் வற்றிவிடும். உடனே ரேடியோவில் பாட்டுக்கு அடியில் "உம்ம்" என்று ஓர் இரைச்சல் கேட்க ஆரம்பிக்கும். மெக்கானிக் பெட்டியைத் திறக்கும் முன்பே, "கண்டென்சர் போச்சு" என்று சொல்லிவிடுவார். காதால் கேட்டே நோயைச் சொல்கிற நாட்டு வைத்தியர் மாதிரி. திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, கண்டென்சரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு பல்பு வழியாக வடித்துவிடுவது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைத் தூக்கி எறிகிற சக்தி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள்: பாரமான டிரான்ஸ்பார்மர், வற்றிப்போகும் கண்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும் மின்சாரம். இவற்றில் முதலாவது மட்டும்தான் பின்னால் மாறியது.

பாரம் குறைந்த கதை

ஒரு தொட்டித் தண்ணீரை இன்னொரு தொட்டிக்கு மாற்ற வேண்டும். நொடிக்கு ஐம்பது தடவைதான் மொள்ளலாம் என்றால் அண்டா வேண்டும். நொடிக்கு ஐம்பதாயிரம் தடவை மொள்ள முடியுமென்றால் சின்ன டம்ளர் போதும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால்தான் ரேடியோ டிரான்ஸ்பார்மருக்கு அவ்வளவு இரும்பு தேவைப்பட்டது. மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்கி, பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுத்தால், கையளவு பெரைட் டிரான்ஸ்பார்மரே போதுமானது. இப்படி வெட்டிக் கொடுப்பதுதான் 'ஸ்விட்ச்டு மோடு'.

1960-களில் இந்த முறை செயற்கைக்கோள்களுக்கும் ராணுவக் கருவிகளுக்கும் பயன்பட்டது. அங்கே எடை குறைவதற்கு எவ்வளவு செலவழித்தாலும் தகும். அதிக வோல்ட் தாங்கி, வேகமாகவும் வெட்டக்கூடிய டிரான்சிஸ்டர்கள் மலிவானபோது அது கீழே இறங்கி வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் பாஷர்ட் என்ற பொறியாளர், தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தே மலிவான ஸ்விட்சிங் சப்ளைகளை உருவாக்கத் தொடங்கினார். பிற்பாடு அது பெரிய நிறுவனமாகவே வளர்ந்தது. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு ராட் ஹோல்ட் என்பவர் இந்த வகைச் சப்ளையை அமைத்தார். மின்விசிறி இரைச்சல் இருக்கக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். அதிகம் சூடாகாத சப்ளை இருந்தால்தானே விசிறியை எடுக்க முடியும்?

1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதன் எஸ்.எம்.பி.எஸ். 63.5 வாட்ஸ்தான். இன்றைய கணக்கில் ஒரு குண்டு பல்பின் அளவு. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. மாடலில் அது 192 வாட்ஸ் ஆனது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவுமுறையை வெளியிட்டது. பெட்டியின் அளவு, திருகாணித் துளை, எந்த நிற ஒயரில் எத்தனை வோல்ட் என்று எல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு பூமி. அன்றுமுதல் எந்த ஊரில் வாங்கிய பெட்டியையும் எந்த ஊர்க் கணிப்பொறியிலும் மாட்டலாம் என்றாயிற்று. பழுது பார்ப்பவனுக்கு இது பெரிய வரம். ஒரு நிறப் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும்.

நம் பக்கம் வந்த கதை

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்தது. இறக்குமதி எளிதானது. 1990-களில் சென்னை ரிச்சி தெருவில், ரேடியோ உதிரிபாகங்கள் விற்ற இடத்திலேயே, கணிப்பொறி உதிரிபாகங்களும் குவிந்தன. அங்கிருந்து 'அசெம்பிள்டு' கணிப்பொறிகள் மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்தன, பிறகு தாலுகாவுக்கு, பிறகு நம் ஊருக்கு. கேபினெட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். அதோடு சேர்ந்தே வரும். லேபிளில் 400, 450 வாட்ஸ் என்று போட்டிருக்கும். கையில் தூக்கினால் பூப்போல இருக்கும். உள்ளே இருக்க வேண்டிய மின்வடிகட்டிச் சுருள்களை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

நம் பக்கத்து மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும் ஓடத் தொடங்கின. 1957-இல் மின்சார வாரியம் அமைந்தது. அதன் பிறகு கம்பங்கள் கிராமங்களுக்கு நடந்து வந்தன. பம்பு செட்டுகளும் பெருகின. நுகர்வோருக்குத் தரும் வோல்ட், அறிவித்த அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் சொல்லின. ஆனால் லைன் கடைசியில் இருந்த வீடுகளில், பம்பு செட்டுகள் ஓடுகிற நேரத்தில், டியூப் லைட் விட்டு விட்டு எரிந்ததை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அதனால்தான் டி.வி., பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் என்ற இன்னொரு பெட்டியும் குடியேறியது. கேரளத்தின் வி-கார்டு 1977-இல் அதை வைத்தே தொழில் ஆரம்பித்தது.

எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கவலையைப் பெருமளவு குறைத்தது. 170 வோல்ட் வந்தாலும், 250 வந்தாலும் வெட்டுகிற அளவைக் கூட்டிக் குறைத்துத் தானே சமாளித்துக்கொள்ளும். 2006 முதல் அரசு கொடுத்த இலவசக் கலர் டி.வி.க்குள் இருந்ததும், 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியின் சார்ஜரும் இதே இனம்தான். இன்று நம் கையில் உள்ள செல்போன் சார்ஜர் அதன் பேரப்பிள்ளை.

பழைய கணிப்பொறிப் பெட்டிகளில் ஓர் ஆபத்தான சிவப்புப் பொத்தான் இருந்தது. 115, 230 என்று இரண்டு பக்கம் தள்ளலாம். அமெரிக்க மின்சாரத்துக்கு 115, நமக்கு 230. குழந்தை யாராவது விளையாட்டாக 115 பக்கம் தள்ளிவிட்டால், உள்ளே இருக்கும் 200 வோல்ட் கண்டென்சர்கள் இரண்டிலும் ஆளுக்கு 325 வோல்ட் ஏறும். சுவிட்சைப் போட்டதும் தீபாவளி வெடிச் சத்தம்தான். பழைய பெட்டி கிடைத்தால் முதலில் அந்தப் பொத்தானைப் பாருங்கள். 230-இல் வைத்து, மேலே டேப் ஒட்டிவிடுவது நல்லது.

பொங்கிய கண்டென்சர்கள்

நம் ஊர்களுக்குக் கணிப்பொறி பரவலாக வந்த காலமும், உலகம் முழுக்க கண்டென்சர்கள் கெட்டுப்போன காலமும் ஒன்றாக அமைந்தது நம் துரதிர்ஷ்டம். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, முக்கியமாகத் தைவானில் தயாரான கண்டென்சர்கள் பல, காலத்துக்கு முன்பே பொங்கி வெடித்தன. உள்ளே ஊற்றிய திரவத்தில் தண்ணீர்ப் பங்கு அதிகம். அலுமினியத்தை அது அரிக்காமல் தடுக்க வேண்டிய மருந்து சரியாகச் சேர்க்கப்படவில்லை. ஹைட்ரஜன் வாயு உண்டாகி, கண்டென்சரின் தலை புடைத்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் திரவச் செய்முறையைத் திருடியவர்கள், அதை அரைகுறையாக எடுத்துப் போய்விட்டார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் கதை வந்தது. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. டெல் நிறுவனம் 2005-இல் இதற்கென்று 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

நல்ல கண்டென்சருக்கும் ஆயுள் உண்டு. அதன் மேல் 105 டிகிரி அல்லது 85 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று வையுங்கள். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும். பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் 32,000 மணி நேரம் வரும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிற கடையில் கிட்டத்தட்ட ஒன்பது வருடம். அதே இடத்தில் 85 டிகிரி கண்டென்சரைப் போட்டால் 8,000 மணி நேரம்தான், இரண்டு வருடம் சொச்சம். சித்திரை, வைகாசியில் நம் ஊர்ப் பாறைகள் கொதிக்கிற கொதிப்பில், விசிறியைப் புழுதி அடைத்திருந்தால் அதுவும் வராது. புது கண்டென்சர் வாங்கும்போது 105 என்று பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

அதற்கு அடுத்து வந்தது மின்வெட்டுக் காலம். 2008-இல் தொடங்கி 2014 வரை நாம் பட்ட பாடு தெரிந்ததே. 2012 ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. மின்சாரம் போவதால் எஸ்.எம்.பி.எஸ்.சுக்குப் பெரிய கெடுதல் இல்லை. வரும்போதுதான் கெடுதல். காலியாக இருக்கும் கண்டென்சர் ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சும். அந்த நேரத்தில் வோல்ட்டும் தாவும். ஒரு நாளில் எட்டுத் தடவை இப்படி நடந்தால், வயதான பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. இப்படிப் பெரும் சேதம் நடக்கும்போது பயப்பட வேண்டிய ஒன்று நியூட்ரல் கம்பி அறுவது. நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு வீட்டுக்கு 230-க்குப் பதிலாக 350, 400 வோல்ட் கூட வந்துவிடும். எந்த எஸ்.எம்.பி.எஸ்.சும் அதைத் தாங்காது. பல்பு வழக்கத்துக்கு மாறாக வெள்ளை வெளேரென்று எரிந்தால் உடனே மெயின் சுவிட்சை இறக்க வேண்டும்.

நோய் கண்டுபிடிக்கும் முறை

இனி வைத்தியத்துக்கு வருவோம். கணிப்பொறி எழவில்லை என்றால், பெட்டியைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. கணிப்பொறியிலிருந்து எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் பிளக்கில் செருகுங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ஊதா ஒயருக்கும் கறுப்புக்கும் நடுவே பாருங்கள். கணிப்பொறி அணைந்திருந்தாலும் அதில் எப்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். கணிப்பொறியை எழுப்புகிற காவல்காரன் அவன்தான். அவன் தூங்கினால் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் பயனில்லை.

ஊதா சரியாக இருந்தால், ஒரு சின்னக் கம்பியால் பச்சையையும் கறுப்பையும் சேருங்கள். பெட்டி ஓட வேண்டும், விசிறி சுழல வேண்டும். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருந்தால் கணக்கு சரி. பழைய பெட்டிகள் சில, சுமை இல்லாமல் ஓடாது. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றையோ, 12 வோல்ட் கார் பல்பையோ மாட்டிப் பார்க்கலாம். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டியும் கணிப்பொறி அடிக்கடி நின்றால், அங்கே பழைய ரேடியோவின் "உம்ம்" இரைச்சல்தான் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். டி.சி.யின் மேல் சிற்றலை ஏறியிருக்கும். 5 வோல்ட்டில் இது 50 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது ஏ.டி.எக்ஸ். கணக்கு. ரேடியோவில் காதுக்குக் கேட்டது. இங்கே கணிப்பொறிக்கு மட்டும் கேட்கிறது.

ஒரு மார்கழி மாதம், கடைத்தெரு ஜெராக்ஸ் கடைத் தம்பி ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். "ஐயா, காலைல பொத்தான அமுக்குனா எந்திரிக்க மாட்டேங்குது. பிளக்க மாட்டிப் பத்து நிமிஷம் விட்டா எந்திரிக்குது. மத்தியானம் ஒண்ணும் பண்ணல. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரவா?" என்றார். "கொஞ்சம் பொறுங்க தம்பி, நீங்க சொன்னதுலயே பாதி தெரிஞ்சு போச்சு" என்றேன். குளிரில் எழாமல், சூடு ஏறியதும் எழுவது வற்றிய கண்டென்சரின் கையெழுத்து. மிச்சமிருக்கும் கொஞ்சத் திரவம் சூடானால்தான் வேலை செய்யும். ஊதா ஒயரில் பார்த்தால் 5-க்குப் பதிலாக மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தால் புடைத்த கண்டென்சர் ஒன்றுமே இல்லை. பெரியவை எல்லாம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் காவல்காரச் சுற்றில், சூடான ரெசிஸ்டர் ஒன்றின் பக்கத்தில், நெல்லிக்கொட்டை அளவில் ஒரு சின்னக் கண்டென்சர். 22 மைக்ரோ, 50 வோல்ட். பிளக் செருகியிருக்கும் நேரமெல்லாம், இரவும் பகலும், அதற்கு வேலை. ஓய்வே கிடையாது. அதை எடுத்துவிட்டு, கோடு போட்ட நெகட்டிவ் பக்கத்தைச் சரியாகப் பார்த்து, 105 டிகிரி கண்டென்சர் ஒன்றைச் சால்டர் செய்தேன். அடுத்த நாள் காலை குளிரிலேயே பெட்டி எழுந்தது. இந்தச் சின்னக் கண்டென்சரைக் கவனிக்காமல் விட்டால், சில வகைப் பெட்டிகளில் ஊதா ஒயரின் வோல்ட் ஏறிப்போய் மதர்போர்டையே எரித்துவிடும். பத்து ரூபாய் நோய் பல ஆயிரம் ரூபாய்க்குப் போய்விடும்.

கண்ணாடி பியூஸ் கறுத்துப் போயிருந்தால் கதை வேறு. உள்ளே எங்கோ ஷார்ட். பிரிட்ஜ் டையோடையும், வெட்டுகிற டிரான்சிஸ்டர்களையும் மீட்டரில் சோதிக்க வேண்டும். பியூஸை மட்டும் மாற்றிப் போட்டால் அதுவும் போகும். பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவது வீட்டுக்கு நெருப்பு வைப்பது. மாற்றிய பிறகு நேரடியாகப் பிளக்கில் செருகாமல், பழைய ரேடியோ மெக்கானிக்குகள் செய்தபடி, 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டுக் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பல்பு எரியும், பெட்டி பிழைக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. வீட்டில் பழைய குண்டு பல்பு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

உயிர்ப் பயம் வேண்டும்

இந்தப் பெட்டியைத் திறக்க நினைப்பவர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய எண் 325. வீட்டு மின்சாரத்தின் உச்சம் அது. உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கண்டென்சர்களும் சேர்ந்து அந்த வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் பொறுத்தாலும், வடிகால் ரெசிஸ்டர் கெட்டிருந்தால் மின்சாரம் அப்படியே இருக்கும். திறந்ததும் மீட்டரால் பார்க்க வேண்டும். இருந்தால் பல்பு வழியாக வடிக்க வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வீரமாகத் தெரியும், கண்ணில் தீப்பொறி தெறிக்கும். ஓடுகிற பெட்டிக்குள் கையை விடுவதாக இருந்தால், அதற்கு ஒரு குரு பக்கத்தில் நிற்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் வெளிச் சோதனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கிறது என்று பலர் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அதன்மேல் தப்பு இருக்காது. இரைச்சலை வடிகட்ட உள்ளே இரண்டு சின்னக் கண்டென்சர்கள், லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பூமிக்குப் போகும். வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டால், 230-இல் பாதியான 115 வோல்ட் தகரத்தில் வந்து நிற்கும். நம் பக்கம் பாறை நிலம். எர்த் குழி எடுத்தால் ஈரம் கிடைப்பது கஷ்டம். உப்பும் கரியும் போட்டு ஆழமாகப் புதைத்து, கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால்தான் அது எர்த். மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளோடு செருகுகிறவர்களுக்கு எதைச் சொல்வது?

ஏன் சொல்கிறேன்

ஐந்நூறு ரூபாய்க்குப் புதிது கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். மிக மட்டமான பெட்டியாக இருந்தால் நானும் மாற்றச் சொல்லித்தான் அனுப்புவேன். ஆனால் எடையுள்ள நல்ல பழைய பெட்டியை எறிந்துவிட்டுப் பூப்போன்ற புதுப் பெட்டியை வாங்குவது நஷ்டம். எறிந்த பெட்டி போகிற இடமும் நல்ல இடம் இல்லை. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் புகையைப் பழைய இரும்புக் கடைகளின் பின்புறம் பார்க்கலாம். மின்னணுக் கழிவுக்கென்று 2011-இல் விதிகள் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பொருளைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளமே திறந்தது. சட்டமும் இணையதளமும் வந்துவிட்டன. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால்தான் அவற்றால் நமக்குப் பயன்.

பழுது பார்ப்பது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. பக்கத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் குடைவரைக் கோயிலின் உள் மண்டபத்தைப் புதுப்பித்து, முன்மண்டபமும் எடுத்ததைச் சொல்கிறது. பழையதைச் சரி செய்தவர் பெயரும் கல்லில் வெட்டத் தகுந்தது என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள். அந்த முன்மண்டபமும் இடிந்துபோக, இன்று நாம் பார்க்கும் முகப்பு, புதுக்கோட்டை சமஸ்தான நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாம் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து பழைய தூண்களைக் கொண்டுவந்து கட்டியது.

நம் வயதுக்காரர்களில் பழைய ரேடியோ, டி.வி. மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடையை மூடிவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படிக்கிற பேரப்பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கெட்டுப்போன எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கையில் கொடுத்து அவரிடம் அனுப்புங்கள். முதல் பாடமாகக் கண்டென்சரை வடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். சீரிஸ் பல்பு போர்டு ஒன்றைத் தன் கையாலேயே செய்யட்டும். மீதியெல்லாம் நிறப் பட்டியலும் பொறுமையும்தான்.